அறுவையா, கதிர்வீச்சா: அப்பாவின் மூத்திரப்பைப் புற்றுநோய்க்கு எது சரி?

மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கும் அப்பாவுக்கு வயது 74. சிறுநீரில் ரத்தம் வந்தது, வலி இல்லை. பக்கத்து கிளினிக்கில் இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்ததில் மூன்று மாதம் போயிற்று. பீடி குடித்த வயதானவருக்கு இப்படி ரத்தம் வந்தால், குழாய்க் கேமரா விட்டு மூத்திரப்பையைப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபியைத் தள்ளிப்போடவே கூடாது.

பயாப்சியில் ஸ்மால் செல் கார்சினோமா என்ற புற்றுநோய் வகை என்று வந்தது. மூத்திரப்பைப் புற்றுநோய்களில் இது 1 சதவீதத்துக்கும் குறைவு. பரேல் டாடா மருத்துவமனைக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டோடு பயாப்சித் துணுக்கு இருக்கும் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கொண்டுபோங்கள். புற்றுநோய் எந்த வகை என்று உறுதிசெய்யும் சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் சாயச் சோதனைகளுக்கு அவை வேண்டும். வகை மாறினால் வைத்தியமே மாறிவிடும்.

அறுவை, கதிர் இரண்டுக்கும் முன்னால் பெரும்பாலும் கீமோதான். ஸ்கேனில் தெரியாமலே பரவியிருக்கக்கூடிய நோய் இது. கீமோ மருந்துகளில் எட்டோபோசைடோடு சிஸ்பிளாட்டின், சிறுநீரகம் தாங்காவிட்டால் கார்போபிளாட்டின். மெலிந்த முதியவர்களின் சிறுநீரகத்தை எடைபோட ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினின் எண் மட்டும் போதாது. அப்பாவுக்கு அது நார்மல்தான். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டபோதுதான் சிறுநீரகத்தின் பலவீனம் தெரிந்தது.

அறுவையில் மூத்திரப்பையோடு புராஸ்டேட்டும் போகும். சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, சிறுநீர் வெளியேற வயிற்றில் வழி வைத்து, வெளியே பை மாட்டுவார்கள். கட்டி முழுதாக வெளியேறும் என்பது பெரிய பலம். ஆனால் இதயம், நுரையீரல் தாங்க வேண்டும். பையை மாற்றிவிட ஆள் வேண்டும். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. அப்பா கேட்டது இன்னொன்று: "ஏலே, பையக் கட்டிக்கிட்டு எப்பிடிலே கோயிலுக்குள்ள போக?" அந்தக் கேள்வியை நான் சின்னதாக நினைக்கவில்லை.

கதிரில் மூத்திரப்பை மிஞ்சும். ஆனால் வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் போல அலைய வேண்டும். எரிச்சல், அவசரம், வயிற்றுப்போக்கு வரும். முடிந்த பிறகும் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கொரு சிஸ்டோஸ்கோபி. அங்கேயே திரும்ப வந்தால், கதிர் பட்ட இடத்தில் அறுவை செய்வது கடினம். சிறுநீர்க்குழாய் அடைத்துச் சிறுநீரகம் வீங்கியவர்களுக்கும், மூத்திரப்பை சுருங்கிப்போனவர்களுக்கும் இதை நான் சொல்லமாட்டேன். உடம்பில் தெம்பிருந்தால் அவர்களுக்கு அறுவையே மேல், வயது 75 ஆனாலும்.

அப்பாவுக்கு அந்த இரண்டு சிக்கலும் இல்லை. கதிரையே எடுத்தோம். ஜூலை மழையில் சயான் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும் என்பதால், அந்த ஆறு வாரமும் பரேலில் அத்தை வீட்டில் தங்கவைத்தோம்.