மாட்டுத்தாவணி பக்கம் ஒரு கறிதோசைக் கடை

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருவில் திருநங்கைகள் சிலர் சேர்ந்து நடத்தும் ராத்திரிக் கடை இது. கறிதோசைதான் இங்கே ஹீரோ. அடியில் மெத்தென்ற தோசை, மேலே முட்டை, அதற்கு மேல் மிளகு தூக்கலாகப் போட்ட கொத்துக்கறி, ஓரம் மட்டும் முறுகல். குடல் குழம்பும் நல்லா இருக்கு. பரோட்டா சுமார், சால்னா தண்ணி, உள்ளதைச் சொல்லணும்ல.

கடையை விட வாடிக்கையாளர்கள்தான் திருந்தணும். பக்கத்து மேசைக்காரர் பரிமாற வந்த அக்காவிடம், "ஆபரேஷன் ஆச்சா, பழைய பேர் என்ன?" என்று கேட்கிறார். வேறு எந்தக் கடையிலாவது பரோட்டா மாஸ்டரிடம் உடம்பைப் பற்றி இப்படி விசாரிப்பாரா? "ஈரலா சுக்காவா, அதைச் சொல்லுங்கண்ணே" என்று அக்கா நகர்ந்துவிட்டார். தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சை செய்தே ஆகணும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது என்று 2014-லேயே நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு, நம்ம ஆட்களுக்குத்தான் இன்னும் சந்தேகம் தீரவில்லை.

2008-லேயே திருநங்கைகள் நல வாரியம் அமைத்த மாநிலம் இது. ஆனாலும் வாடகைக்கு இடம் கேட்டுப் போனால், யார் என்று தெரிந்ததும் அட்வான்ஸைத் திருப்பித் தந்தவர்கள் உண்டாம்.

உட்கார இடம் குறைவு, ஜிபே உண்டு. கலக்கி மெனுவில் இருக்காது, கேட்டால் போட்டுத் தருவார்கள்.