மங்களம் இல்லாத கச்சேரி: ‘ஐரிஷ் டூர் 74’ உடன் 23 வருடம்

போன வாரம் ஒரு பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு வாய்ஸ் காயில், அதாவது கோனை ஆட்டும் கம்பிச்சுருள் மாற்றினேன். தீமிதித் திருவிழாவில் எரிந்துபோனது. மிக்ஸரில் சத்தம் மிஞ்சிவிட்டது என்று சிவப்பு விளக்கு எரிவதை நம் பையன் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டான் போல. கோனை ஒட்டிக் காயவைத்து, பாக்ஸில் பூட்டி, ஷெட்டுக்குப் பின்னால் வயலைப் பார்க்கத் திருப்பிவைத்து, வழக்கமாகப் போடும் சிடியையே போட்டேன். பக்கத்து வீட்டில் தவில் வாசிக்கிற தம்பி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான்.

“ஏண்ணே, எப்பப் பாத்தாலும் இதையே போடுறீங்க. என்ன ஆல்பம்னு சொல்லுங்க, நானும் வாங்கிக்கிறேன்.”

“வாங்காத” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. 23 வருடமாக நான் வைத்துக்கொண்டிருப்பதை இன்னொருவனுக்கு வேண்டாம் என்கிறேனே, நியாயமா?

எனக்கு அது வந்த கதை சின்னது. சிங்கப்பூரில் இருந்த அத்தை மகன் கல்யாணத்துக்கு வந்தபோது இந்தச் சிடியை ஷெட்டில் மறந்து வைத்துவிட்டுப் போனான். திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதுவரை பாக்ஸ் டெஸ்ட்டுக்கு ராஜா பாட்டுதான் போடுவேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டு அத்தனையும் மனப்பாடம் என்பதால், ஸ்பீக்கரில் வராத சத்தத்தையும் காது தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். தெரியாத பாட்டு வேண்டியிருந்தது. ரோரி கேலஹர் அப்படித்தான் ஷெட்டுக்குள் வந்தார்.

அயர்லாந்துக்காரர், கிடார் வாசித்துப் பாடுகிறவர். ‘ஐரிஷ் டூர் 74’, 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் என்று மூன்று ஊர்களில் வாசித்ததிலிருந்து எடுத்த ஆல்பம். அப்போது அவருக்கு வயது 25. பெல்ஃபாஸ்டில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம், வெளியூர் இசைக்குழுக்கள் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்காது. இவர் போய் அல்ஸ்டர் ஹாலில் வாசித்தார். கூட்டம் கத்துவதைக் கேட்டால் கைதட்டல் மாதிரியே இருக்காது. பல நாள் அடைத்துவைத்த மதகைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்.

தொழில்காரனாக எனக்கு முதலில் பிடித்தது ஒலிப்பதிவு. ரோனி லேன் என்ற இன்னொரு பாட்டுக்காரரின் நடமாடும் ஸ்டுடியோவைக் கொண்டுபோய் எடுத்திருக்கிறார்கள். ஒரு டிரெய்லர் வண்டிக்குள் மொத்த ஸ்டுடியோவும். நாம் கோயில் வாசலிலிருந்து மண்டபத்துக்கு மைக் வயர் இழுத்தாலே ஹம்மிங் வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கே நாலு பேர் மேடையில் வியர்த்து வாசிப்பதும், முன்வரிசையில் ஒருவன் விசிலடிப்பதும், கட்டடத்தின் எதிரொலியும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் நிற்கின்றன. ஜெர்ரி மெக்அவாயின் பேஸ் சுத்தமாக இறங்கினால் பாக்ஸ் சரி. லூ மார்ட்டினின் பியானோ கிடாருக்குள் முங்கிப்போனால் நடு அலைவரிசையில் கோளாறு. குழாய் ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் மொத்தமும் காணாமல்போய், தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி ராட் டி’ஆத்தின் டிரம்ஸ் மட்டும் மிஞ்சும். அந்த மழையும் ஒரு ருசிதான்.

டிரம்ஸைப் பற்றித் தம்பி ஒருநாள் சொன்னான்: “காலப்பிரமாணத்த விடலண்ணே, ஆனா எப்பவும் ஒரு நூல் முன்னால நிக்கிறான். முன்னால நின்னு மத்தவங்கள வா வான்னு இழுக்கிறான்.” இத்தனை வருடம் கேட்டும் எனக்குப் பிடிபடாததை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்லிவிட்டான். வலது கையில் கூடும் இடது கையில் கழியுமாக வளர்ந்தவன் காது வேறு.

ஒரு பாட்டைப் பற்றி மட்டும் நீட்டிச் சொல்லவேண்டும். ‘ஆஸ் தி க்ரோ ஃப்ளைஸ்’. மற்ற மூவரும் ஓரமாகப் போய்விட, அவர் தனியாக ஒரு இரும்புக் கிடாரும் மவுத் ஆர்கனும் வைத்துக்கொண்டு வாசிப்பது. அந்தக் கிடாரின் உடம்பே இரும்பு, உள்ளே அலுமினியத்தில் ஒரு கோன். கம்பியின் அதிர்வு குதிரை வழியாகக் கோனில் இறங்கி, கோன் காற்றைத் தள்ளும். ஆம்ப்ளிஃபயர் பரவாத 1920களில், மற்ற வாத்தியங்களின் சத்தத்துக்கு நடுவே கிடாரும் கேட்கவேண்டும் என்று கண்டுபிடித்தது. அதாவது கரண்ட் வேண்டாத ஸ்பீக்கர். 30 வருடம் ஸ்பீக்கருக்குக் காயில் சுற்றுகிறவனுக்கு இதைக் கேட்டு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். கஜா புயலுக்கு அப்புறம் வாரக்கணக்கில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, ஜெனரேட்டர் ஓட்டி நான் கேட்ட முதல் பாட்டு இதுதான். டீசலுக்கு அப்போது இருந்த தட்டுப்பாட்டில் அது அநியாயம். வீட்டில் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

அவருடைய இன்னொரு கிடார், 1961-இல் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். கார்க் ஊர்க் கடையில் செகண்ட் ஹேண்டாக 100 பவுண்டுக்குப் பதினைந்து வயதில் வாங்கி, வியர்வையில் பெயிண்ட் உரிந்து வெறும் கட்டை தெரியும்வரை வாசித்தார். அவர் 1995-இல் 47 வயதிலேயே போய்விட்டார். கிடார் 2024 அக்டோபரில் லண்டனில் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பவுண்டுக்கு ஏலம் போய், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது. எங்கள் பக்கத்தில் பெரிய வித்வான்களின் நாதஸ்வரம் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கிறது என்று அந்தச் செய்தியைப் படித்த அன்று நினைத்துக்கொண்டேன். அது வேறு புகார், இன்னொரு நாள் பார்க்கலாம்.

‘வாக் ஆன் ஹாட் கோல்ஸ்’ என்றால் தணல்மேல் நட என்று அர்த்தம். எனக்கு முதலில் புரிந்ததே இந்தத் தலைப்புதான். பதினோரு நிமிடம் ஓடும். திரௌபதி அம்மன் கோயிலில் குழிக்கு உப்புப் போட்டுத் தணலை ஆற்றிப் பரப்பிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், லைன் செக் பண்ண இதைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் நாட்டாமை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிற்கிறார்.

“என்ன தம்பி இது?”

“டெஸ்டிங்குதாங்கய்யா, நிறுத்திடுறேன்.”

“நிறுத்து, நிறுத்து. அதுக்கில்ல, இந்த ஆளு மூச்சே விடமாட்டானா?”

நடுவில் ஒரு இடத்தில் விடுவார். சத்தத்தை அப்படியே கீழே இறக்கி, ஒற்றைக் கம்பியில் பேசுகிற மாதிரி வாசித்து, கூட்டமும் அடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி ஏற்றுவார். பூங்கரகம் குழிக்கரைக்கு வந்து நிற்கும்போது ஊரே அடங்கி, அப்புறம் கோவிந்தா என்று ஒரே குரலாக எழும்புமே, அந்த இடம். மட்டமான செட்டில் கீழே இறங்கும் பகுதி காணாமலே போய்விடும். நல்ல செட்டில் அதுதான் சத்தமான பகுதியைவிடப் பெரிதாகக் கேட்கும்.

இந்தப் பாட்டு 1973-இல் வந்த ‘ப்ளூபிரிண்ட்’ ஸ்டுடியோ ஆல்பத்திலும் இருக்கிறது. இதில் வரும் ‘கிரேடில் ராக்’, ‘டாட்டூட் லேடி’, ‘எ மில்லியன் மைல்ஸ் அவே’ எல்லாம் அதே வருடத்து ‘டாட்டூ’ ஆல்பத்தில் இருப்பவை. இரண்டையும் பிற்பாடு தேடிப்பிடித்துக் கேட்டேன். நேற்று வடித்த சோறு. மேடையில் கேட்டவனுக்கு ஸ்டுடியோ ருசிக்காது என்பது குறையா நிறையா தெரியவில்லை. அவருடைய மற்ற ஆல்பங்களை எல்லாம் இது எனக்குக் கெடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். ‘ஹூஸ் தட் கமிங்’ பத்து நிமிடம், விரலில் குழல் மாட்டிக் கம்பியில் வழுக்கி வாசிப்பது. அது முடியும்போது கூட்டம் கொதித்து நிற்கிறது. கச்சேரி கேட்டு வளர்ந்தவன் இந்த இடத்தில் என்ன எதிர்பார்ப்பான்? ஒரு துக்கடா, அப்புறம் சௌராஷ்டிர ராகத்தில் மங்களம், எல்லாரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பது. எங்கள் ஊரில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கும் கச்சேரிக்கும் மங்களம் உண்டு.

இவர்களோ அடுத்த பாட்டுக்கு ஹாலை விட்டே வெளியே போய்விடுகிறார்கள். ‘பேக் ஆன் மை ஸ்டாம்பின் கிரவுண்ட்’ மேடையில் வாசித்தது இல்லை, கச்சேரி நேரம் போக நாலு பேரும் தங்களுக்காக வாசித்துக்கொண்டது. தனியாகக் கேட்டால் அருமையான பாட்டு. ஆனால் கூட்டம் எங்கே? கடைசியாக ‘மாரிடைம்’ என்று அரை நிமிடத்துக்கு ஒரு துணுக்கு. கடலலை மாதிரி ஒரு மெட்டு எழும்பும், என்ன ஏதென்று காது கொடுப்பதற்குள் கரைந்துவிடும். அவ்வளவுதான் ஆல்பம். எட்டு வீதியும் சுத்திவந்த சாமியை நிலைக்குக் கொண்டுவராமல் தேரடியிலேயே விட்டுவிட்டுக் கலைந்துபோன மாதிரி.

முதல் தடவை கேட்டபோது சிடியில் கீறல் என்று நினைத்துத் துடைத்துத் துடைத்துப் போட்டேன். பின்னாளில் நெட்டில் போய்ப் பார்த்தால், எல்லாருக்கும் அப்படித்தானாம். 2014-இல் நாற்பதாம் ஆண்டுக்கென்று ஏழு சிடிப் பெட்டியாக மூன்று ஊர்க் கச்சேரிகளையும் விரித்து வெளியிட்டார்கள். கேட்டேன். நிறைய இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் எனக்கு வேண்டியது என் ஆல்பத்துக்கு ஒரு முடிவு.

ஒரு தடவை நானே வைத்தியம் பார்த்தேன். பென்டிரைவில் கடைசி இரண்டையும் எடுத்துவிட்டு, ‘ஹூஸ் தட் கமிங்’ முடிந்ததும் தம்பியின் அப்பா நாதஸ்வரச் செட்டு ஒரு கல்யாணத்தில் வாசித்த மங்களத்தைச் சேர்த்தேன். என் மைக்கில் நானே எடுத்தது, நல்ல பதிவு. போட்டுப் பார்த்தால் சுருதி எங்கேயோ நிற்கிறது, அந்தக் கைதட்டலுக்குள் சீவாளி நுழைந்ததும் சம்பந்தி வீடு மாறிச் சாப்பிட உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே அழித்தேன்.

ஆக, தம்பியிடம் சொன்னதில் மாற்றமில்லை. வாங்காதே. கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரம் தூக்கிக்கொண்டுபோய் அரை நிமிடத்தில் கீழே போடுகிற ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்? அவன் விடவில்லை, மறுநாள் சாயங்காலம் ஷெட்டுக்கே வந்து பாக்ஸுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டான். டெஸ்ட் பண்ணும்போது கடைசி இரண்டுக்கு முன்னாலேயே நிறுத்துவது என் வழக்கம். அன்று நிறுத்தவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே முழுதும் கேட்டான். கடைசித் துணுக்கு எழும்பியபோது நிமிர்ந்து உட்கார்ந்தான். அது கரைந்தது. ஷெட்டு லைட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“கரண்டு போயிடிச்சாண்ணே?”