கொரிய உச்சரிப்பு வகுப்பில் 4,500 ரூபாய் போனது

"6 வாரத்தில் கொரிய எழுத்தும் உச்சரிப்பும்" என்ற விளம்பரத்தை நம்பி ஓர் ஆன்லைன் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டினேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மேலாளர்களிடம் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

வகுப்பில் கிடைத்தது ஓர் அட்டவணை. 19 மெய்யெழுத்துக்கும் நேராக ஆங்கில எழுத்து. மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கொரிய மொழியில் 'ப' மட்டுமே மூன்று உண்டு: சாதாரணமானது, மூச்சைத் தள்ளிச் சொல்வது, தொண்டையை இறுக்கிச் சொல்வது. 'புல்' என்று சாதாரணமாகச் சொன்னால் தீ. மூச்சோடு சொன்னால் புல் (ஆமாம், நம் புல்லேதான்). இறுக்கிச் சொன்னால் கொம்பு. வாய்க்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் புல்லுக்குப் படபடக்கும், கொம்புக்கு அசையக் கூடாது. இந்தச் சின்னச் சோதனையைக்கூட ஆசிரியர் செய்து காட்டவில்லை. "கேட்கக் கேட்க வந்துடும்" என்றார்.

நமக்குத் தானாக வருவதையும் கெடுத்தார், அதுதான் தாங்கவில்லை. 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒரு மாதிரி, நடுவில் வருவது வேறு மாதிரி. கொரியச் சாதாரண 'ப'வும் இப்படித்தான் இடத்துக்கு ஏற்ப மாறும். அவரோ எல்லா இடத்திலும் 'பஸ்'ஸில் வரும் ஒலியையே போடச் சொன்னார். சோற்றுக்குச் சொல்லும் 'பப்' உதட்டை மூடியதோடு நிற்க வேண்டும். 6 வாரமும் 'பப்பு' என்றே சொல்லிக்கொடுத்தார்.

ஒரு நாள் டீ நேரத்தில் மேலாளரிடம் ரொட்டி வேண்டுமா என்று கொரியத்தில் கேட்டேன். அவர் திரும்பிப் பக்கத்து அறையைப் பார்த்தார். இறுக்கிய 'பாங்' ரொட்டி, சாதாரண 'பாங்' அறை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். கட்டுவதற்கு முன் வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்தில் பதில் வரும். இப்போது நீல டிக் மட்டும். தருவதாகச் சொன்ன வகுப்புப் பதிவுகளும் வரவில்லை.

எங்கே சேர்ந்தாலும் முதலில் ஒரு மாதிரி வகுப்பு கேளுங்கள். தீ, புல், கொம்பு மூன்றையும் ஆசிரியரைச் சொல்லச் சொல்லுங்கள். கொரிய தேசிய மொழி நிறுவனத்தின் இணைய அகராதியில் சொற்களை இலவசமாகக் கேட்கலாம், ஒப்பிட்டுப் பாருங்கள். நானும் அதைக் கேட்டுத்தான், டிஷ்யூவும் கையுமாக, முதல் எழுத்திலிருந்து மறுபடி படிக்கிறேன்.