கன்று ஈன்ற மாட்டுக்குக் கால்சியம்: பாட்டிலா, ஜெல்லா, முன்கூட்டிய தீவனமா?

மூன்றாவது, நான்காவது ஈற்றில் இருக்கும் கலப்பின மாடு கன்று போட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கால்சியம் பாட்டில் ஏற்றிவிடுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மாடு நின்று தீவனம் எடுத்துக்கொண்டிருந்தாலும் ஏற்றுகிறார்கள். இன்னொரு வழி, வாயில் கொடுக்கும் கால்சியம் ஜெல். மூன்றாவது வழி, சினையின் கடைசி மூன்று வாரத் தீவனத்தை மாற்றுவது. மூன்றில் எது கையில் கிடைத்தாலும் சரி என்பது போலத்தான் பேச்சு இருக்கிறது. மூன்றும் வேறு வேறு வேலைக்கானவை என்பது என் கருத்து. இடம் மாற்றிப் பயன்படுத்தினால் நட்டம் அந்த ஈற்று முழுக்கத் தொடரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. மாட்டின் இரத்தத்தில் ஓடுவதோ மொத்தமே 3 கிராம் அளவுதான். முதல் நாள் 10 லிட்டர் சுரந்தால் 20 கிராம் மடி வழியே போய்விடுகிறது. எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்து ஈடுகட்டச் சொல்லிக் கட்டளையிடுவது பாராதைராய்டு சுரப்பி. அந்த ஏற்பாடு முழு வேகம் பிடிக்க இரண்டு மூன்று நாள் ஆகும். 100 மில்லி இரத்தத்தில் 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய கால்சியம் 5.5க்குக் கீழே இறங்கினால் மாடு படுத்துவிடும். அதுதான் பால் சுரம். ஜெர்சி கலப்பிலும் வயது ஏறிய மாடுகளிலும் அதிகம் வரும்.

படுத்த மாடு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் 5.5க்கும் 8.5க்கும் நடுவே, நின்றபடியே குறைவோடு இருக்கும் மாடுகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அமெரிக்கப் பண்ணைகளில் பரிசோதித்தபோது இரண்டாம் ஈற்றுக்கு மேற்பட்டவற்றில் ஏறக்குறைய பாதி மாடுகள் இப்படி இருந்தன. கால்சியம் குறைந்தால் தசை சுருங்காது. அதனால் வயிறு அசைபோடுவது மந்தமாகும், தீவனம் குறையும், நஞ்சுக்கொடி தங்கும், கருப்பை சுருங்கத் தாமதமாகும். கறந்த பிறகு காம்புத் துவாரம் சரியாக மூடாததால் மடிநோய்க் கிருமி உள்ளே போகும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வரும் உச்சக் கறவையில் ஒரு லிட்டர் குறைந்தால் அந்த ஈற்றில் சுமார் 200 லிட்டர் குறையும் என்பது பால் பண்ணைகளில் பொதுவாகப் போடும் கணக்கு. அடுத்த சினையும் தள்ளிப்போகும்.

இப்போது பாட்டில். படுத்த மாட்டுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. 450 மில்லி கால்சியம் போரோகுளுக்கோனேட்டில் 8 கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. பற்றாக்குறையை அடைக்க அது தாராளமாகப் போதும். காது சில்லிட்டு, மூக்கு உலர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடக்கும் மாட்டுக்கு மருந்து இறங்க இறங்க நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். முதலில் தொடையிலும் விலாவிலும் மெல்லிய நடுக்கம் ஓடும். ஏப்பம் விடும். உள்ளே அடைபட்டிருந்த கெட்டிச் சாணம் வெளியே வரும். மூக்கில் முத்து முத்தாக வியர்வை துளிர்க்கும். பல மாடுகள் சற்று நேரத்தில் எழுந்து நின்றுவிடும். கால்நடை மருத்துவத்தில் இவ்வளவு கண்கூடான பலன் தரும் சிகிச்சைகள் குறைவு.

இரண்டு ஆபத்துகள் உண்டு. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுபோகும். பத்து முதல் இருபது நிமிடம் எடுத்து, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். மருத்துவர் கையில்தான் இது இருக்க வேண்டும் என்பதில் சமரசமே கூடாது. இன்னொன்று பலருக்கும் தெரியாதது. இரத்தத்தில் கால்சியம் திடீரென உச்சத்துக்குப் போனதும், 'போதும்' என்று பாராதைராய்டு அடங்கிவிடுகிறது. பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் அளவு மறுபடி சரியும். எழுந்த மாடுகளில் நாலில் ஒன்று மறுபடி படுப்பது இதனால்தான். படுத்த மாட்டுக்கு அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், உயிர் போய்விடுமே. நிற்கிற மாட்டுக்கு எதற்கு?

கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெசிகா மெக்ஆர்ட், ரஃபேல் நெவ்ஸ் என்பவரோடு சேர்ந்து 2020ல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். முதல் நாள் கால்சியம் குறைந்து நான்காம் நாளுக்குள் தானாக மீண்ட மாடுகள் நன்றாகவே கறந்தன. நான்காம் நாளும் குறைவாக இருந்தவைதான் நோய்ப்பட்டன. ஆக, மாடு தன் சொந்த ஏற்பாட்டை ஓட்டத் தொடங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. நிற்கிற மாட்டுக்குப் பாட்டில் ஏற்றுவது அந்த ஓட்டத்தையே நிறுத்துகிறது.

வாய்வழி ஜெல் இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. ஒரு வேளைக்கு 50 கிராம் கால்சியம் கொடுத்தாலும் இரத்தத்தில் சேர்வது 4 கிராம் போலத்தான், அதுவும் சில மணி நேரத்துக்குப் பரவி. குறைவாகத் தோன்றும் இந்த அளவுதான் இதன் பலம். மாடு நிமிர்ந்து நிற்கும், சுரப்பியும் அடங்காது. கன்று ஈன்றவுடன் ஒன்று, பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒன்று என்பது வழக்கம். கால்சியம் குளோரைடு வேகமாகச் சேரும், ஆனால் வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். புரோப்பியோனேட் மெதுவானது, கூடவே சக்தியும் தரும். சுண்ணாம்புக்கல் மாவு போன்ற கார்பனேட் இந்த அவசரத்துக்கு உதவாது. படுத்து, விழுங்கத் தடுமாறும் மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். தலைச்சன் ஈற்று மாட்டுக்கு ஜெல்லால் பயன் இல்லை, அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். அதிகம் கறப்பவை, நொண்டும் மாடுகள் ஆகியவற்றில்தான் பலன் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஜெல்லுக்குப் பதில் சுண்ணாம்புத் தெளிநீர் போதுமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு லிட்டர் தெளிநீரில் கரைந்திருக்கும் கால்சியம் 1 கிராம்கூட இராது.

மூன்றாவது வழியான தீவன மாற்றம்தான் அடிப்படையைத் தொடுகிறது. தீவனத்தில் பொட்டாசியம், அதாவது சாம்பல் சத்து, மிகுந்தால் மாட்டின் இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. அப்போது பாராதைராய்டு ஹார்மோன் வந்து தட்டினாலும் எலும்பும் சிறுநீரகமும் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சினைமாட்டுக்குக் கால்சியம் கூடுவதைவிடப் பொட்டாசியம் கூடுவதே பால் சுரத்தை இழுத்துவருகிறது என்று அமெரிக்காவின் ஏம்ஸ் நகரில் உள்ள கால்நடை நோய் ஆய்வகத்தில் ஜெஸ்ஸி காஃப், ரொனால்ட் ஹார்ஸ்ட் இருவரும் 1997ல் காட்டினார்கள். அதற்கு முன்பே 1984ல் கனடாவில் எலியட் பிளாக் செய்த சோதனையில், கார உப்பு மிகுந்த தீவனம் தின்ற மாடுகளில் 47 விழுக்காட்டுக்குப் பால் சுரம் வந்தது. குளோரைடும் சல்ஃபேட்டும் மிகுந்த எதிரயனித் தீவனம் தின்றவற்றில் ஒன்றுக்குக்கூட வரவில்லை.

இவ்வளவு தெளிவான முடிவு இருந்தும் இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இதை அப்படியே சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அந்த உப்புகள் கசக்கும், மாடு தீவனத்தை ஒதுக்கும். சிறுநீரின் அமில அளவை (pH) தாள் வைத்துப் பார்த்து 6க்கும் 6.8க்கும் இடையில் நிறுத்த வேண்டும். மிகையானால் மாடு சாப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். எல்லா மாட்டுக்கும் ஒரே தொட்டியில் தீவனம் போடும் இடத்தில் கறவை மாடும் அதைத் தின்னும். கறவை மாட்டுக்கு அது ஆகாது. இருபது, முப்பது மாடு உள்ள பண்ணைக்கு மருத்துவர் துணையோடு இதுவே முதல் தேர்வு.

சிறு வீடுகளுக்கு இதன் எளிய பாதி இருக்கிறது, செலவும் இல்லை. தொழுவம் கழுவிய தண்ணீர் பாயும் நேப்பியர், கோ-4 புல்லில் பொட்டாசியம் மிக அதிகம். சினையின் கடைசி மூன்று வாரம் அதைக் குறைத்துச் சோளத்தட்டோ மக்காச்சோளத்தட்டோ போடுங்கள். நெல் வைக்கோலிலும் பொட்டாசியம் குறைவில்லை, அதனால் அதையே முழுக்க நம்ப வேண்டாம். கரும்பு மொலாசஸை நிறுத்துங்கள். மக்னீசியம் உள்ள தாது உப்புக் கலவை தொடரட்டும், ஹார்மோன் வேலை செய்ய அது வேண்டும். ஈனுவதற்கு முன்பே கால்சியம் டானிக்கை வாளியில் கலப்பதை விட்டுவிடலாம்.

வைட்டமின் டி ஊசியும் ஒரு வழி. ஈனும் நாளைச் சரியாகக் கணித்தால்தான் பயன், தவறி மறுபடி போட்டால் நச்சாகும் பயம். அதனால் அதை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை.

ஈனப்போகும் மாடு வீட்டில் இருந்தால் இன்றைக்கே புல்லைக் குறைத்துச் சோளத்தட்டுக்கு மாற்றுங்கள். மூன்றாவது ஈற்றோ அதற்கு மேலோ என்றால் ஜெல் இரண்டு வாங்கி வையுங்கள். பாட்டிலை மருத்துவரிடமே விடுங்கள். மாடு படுத்தால் தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணுக்கு அழைக்கலாம். மருத்துவர் வரும்வரை மாட்டைப் பக்கவாட்டில் சாயவிடாமல், சாக்கில் வைக்கோல் திணித்து இருபுறமும் முட்டுக்கொடுத்து, நெஞ்சின் மேல் உட்கார்ந்த நிலையில் வைத்திருங்கள். வயிறு உப்பாமல் இருக்க அது வேண்டும்.