லினக்ஸ் தெரிந்த ஒரு சர்வீஸ் கடை

மகளுக்காக டெபியன் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸில் ஒரு வகை) கம்ப்யூட்டரில் வேறொரு டெக்னீஷியன் புதுக் கணக்கு போட்டுக் கொடுத்திருந்தார். பாஸ்வேர்டு சரிதான்; ஆனால் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடியும் லாகின் பக்கத்துக்கே வந்து நிற்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சின்னக் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த தம்பி ‘ஃபார்மட் பண்ணிடலாம்’ என்று சொல்லவே இல்லை. அதற்கே முழு மதிப்பெண் தருவேன்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போனார். அங்கே அதே பாஸ்வேர்டு வேலை செய்தது, ஆனால் ஹோம் ஃபோல்டர், அதாவது அந்தக் கணக்குக்கே உரிய ஃபோல்டர், இல்லை என்று ஒரு வரி வந்தது. டெபியனில் புதுக் கணக்கு போடும் யூசர்ஆட் கட்டளையோடு ‘-எம்’ (சின்ன எழுத்து m) சேர்க்காவிட்டால் அந்த ஃபோல்டர் உருவாகாது. தன் அமைப்புகளை எழுத இடமில்லாமல் டெஸ்க்டாப் லாகின் பக்கத்துக்கே திரும்பிவிடும். ஆட்யூசர் கட்டளை என்றால் அதுவே உருவாக்கிவிடுமாம். ஃபோல்டரை உருவாக்கி, அப்புறம் அதன் உரிமையை மகளின் கணக்குக்கு மாற்றினார். இதை விட்டுவிட்டால் ஃபோல்டர் ரூட் (கம்ப்யூட்டரின் நிர்வாகிக் கணக்கு) பெயரிலேயே கிடக்கும், பழைய கதைதான். ஒவ்வொன்றையும் மகளுக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கூலி நியாயம், முன்பே சொல்லிவிடுகிறார்கள். உட்கார நாற்காலிதான் இல்லை. ரசீதையும் கேட்டு வாங்க வேண்டும்.