ஆர்எக்ஸ் 100: பழைய நிலைக்கு மீட்பதா, எஞ்சினில் கைவைப்பதா?

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியச் சாலைகளுக்கு 1985-இன் இறுதியில் வந்து, 1996 வரை தயாரிக்கப்பட்ட வண்டி. 98 சிசி எஞ்சின், 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டும் எடை. கடைசியாக வந்த வண்டிக்கே இன்று ஏறத்தாழ முப்பது வயது. ஆகவே, எஞ்சினில் வேலை செய்தால் பிக்கப் கூடுமா என்று கேட்பவர், அந்தப் 11 குதிரைத்திறன் தன் வண்டியில் இன்னும் மிச்சமிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இருக்காது.

முதல் வழி, மாற்றம் எதுவும் செய்யாமல் பழைய நிலைக்கு மீட்பது. ஆர்எக்ஸ் 100-இல் இருப்பது போன்ற டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் பெட்டியான கிராங்க் கேஸும் ஒரு பம்புதான். பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளிழுத்து சிலிண்டருக்குத் தள்ளுவது அதுவே. அதன் ஆயில் சீல் தேய்ந்தால் அந்தப் பம்பு ஒழுகும். மேக்னெட் பக்க சீல் போனால் வெளிக்காற்று புகுந்து கலவை மெலியும், ஐடிலிங் நிலைகொள்ளாது; கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு வெண்புகை கிளம்பும். இவற்றோடு, கலவை பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் ரீட் வால்வு இதழ்களின் ஓரம் பிய்ந்திருக்கலாம். எரிந்த வாயு வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் சைலன்சரின் உட்குழாயிலும் கார்பன் படிந்து வழி பாதியாகச் சுருங்கியிருக்கலாம். உட்குழாயைக் கழற்றிச் சுட்டுச் சுரண்டியதுமே வண்டி வேறு வண்டியாக ஓடுவது மெக்கானிக்குகள் அன்றாடம் காண்பதுதான்.

போர் போட்டால், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டால், பவர் கூடும் என்பது பாதி உண்மை. 50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரை ஒரு மில்லிமீட்டர் குடைந்தால் கிடைப்பது 102 சிசி, அதாவது நான்கு சதவீதம் மட்டுமே. திரும்பி வருவது உண்மையில் தேய்மானத்தால் இழந்த கம்ப்ரஷன். இந்தச் செலவை எந்த வழியில் போனாலும் செய்தே ஆக வேண்டும். தேய்ந்த சிலிண்டரில் போர்ட்டிங் (போர்ட்டுகளை அறுத்துப் பெரிதாக்குவது) செய்வது வீண்வேலை.

இரண்டாவது வழி, எக்ஸ்பான்ஷன் சேம்பரும் (சைலன்சருக்குப் பதிலாக மாட்டும், நடுவில் பருத்த குழாய்) பெரிய கார்புரேட்டரும். சேம்பரின் வாலில் உள்ள கூம்பு அழுத்த அலையைத் திருப்பி அனுப்புகிறது. போர்ட் மூடுவதற்குள் அந்த அலை வந்து சேர்ந்தால், வெளியே நழுவிய புதுக் கலவை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளப்படும். அலையின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. போர்ட் திறந்திருக்கும் நேரமோ ஆர்பிஎம் ஏற ஏறக் குறைகிறது. அதனால் ஒரு குறுகிய ஆர்பிஎம் வரம்பில்தான் இந்தக் கணக்கு சரியாக விழும். குழாயின் நீளத்தையும் கூம்பின் சரிவையும் எஞ்சினுக்கேற்பக் கணக்கிடாமல், தோற்றத்துக்கும் சத்தத்துக்கும் மட்டும் வளைத்து விற்கப்படும் சேம்பர்கள் பழைய சைலன்சரைவிட மோசமாக இழுப்பதும் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை மாற்றாமல் சேம்பரை மட்டும் மாட்டினால் கலவை மெலிந்து சூடேறி, நெடுஞ்சாலையில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகலாம். முழு த்ராட்டிலில் ஓட்டி, எஞ்சினை அங்கேயே அணைத்து பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வெளிர்ப்பழுப்பாக இருந்தால் நலம், வெளுத்திருந்தால் ஜெட் போதவில்லை.

மூன்றாவது வழியான போர்ட்டிங்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக்கும், அதாவது பிஸ்டன் நகரும் தூரமும், 50 மி.மீ. எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால், அது திறந்திருக்கும் காலம் கிராங்கின் சுழற்சியில் சுமார் நான்கு முதல் ஐந்து டிகிரி கூடுகிறது. அதிக ஆர்பிஎம்மில் எரிந்த வாயு வெளியேற இது உதவும். ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரமும் குறைகிறது, சிலிண்டரில் சிறைப்படும் கலவையும் குறைகிறது. ஊருக்குள் ஓட்டுபவர் பிக்கப் என்று சொல்வது நடு ஆர்பிஎம் இழுவையைத்தான். அவர் விலைகொடுத்து வாங்குவது அந்த இழுவையின் இழப்பையே. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டுபவருக்குக் கதை வேறு; அங்கே எஞ்சின் எப்போதும் மேலேயே சுழல்கிறது. அறுத்த உலோகம் திரும்பி வராது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நல்ல ஒரிஜினல் பிளாக் (சிலிண்டர்) இன்று எளிதில் கிடைக்கும் பொருளல்ல.

எஞ்சினியரிங் கணக்கில் மட்டும் பார்த்தால் நான்காவது வழியே சிறந்தது: ஆர்எக்ஸ் 135-இன் 132 சிசி எஞ்சின். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு கூடுவதால் எல்லா ஆர்பிஎம்மிலும் இழுவை கூடும். இடிப்பது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பதினைந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி.யைப் புதுப்பிக்கும்போது இது கட்டாயம் கண்ணில் படும். பிரேக் அதே பழைய டிரம் என்பது வேறு.

இவற்றுக்கெல்லாம் முன் முயன்று பார்க்க வேண்டியது, யாரும் பெருமையாகப் பேசாத ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பற்சக்கரம். முன்பக்கம் பதினான்கு பல் இருந்த இடத்தில் பதிமூன்று போட்டால் பின்சக்கரத்தில் இழுவை ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும். உச்ச வேகமும் மைலேஜும் சற்று குறையும். பிடிக்கவில்லையென்றால் அன்றே பழையதை மாட்டிவிடலாம்.

என் வரிசை இதுதான்: முதலில் மீட்பு, பிறகு ஸ்ப்ராக்கெட், அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஜெட் பொருத்தத்தோடு தரமான சேம்பர். போர்ட்டிங் செய்தே தீர வேண்டும் என்பவர் தன் ஒரிஜினல் பிளாக்கை ஆயில் தடவிப் பத்திரப்படுத்திவிட்டு, வெளியில் வாங்கிய வேறொரு பிளாக்கில் அந்தச் சோதனையைச் செய்யட்டும்.