நள்ளிரவும் அதன் மறுநாளும்: இரண்டு வரலாற்று நூல்கள்

அல்சூர்த் தமிழ்ச் சங்கத்தில் பேசினாலும் சர்ச் தெருப் புத்தகக் கடைகளில் பேசினாலும், இந்திய விடுதலையைப் பற்றி முதலில் எதைப் படிப்பது என்ற கேள்வி எழுந்தால் பெங்களூர்த் தமிழ் வாசகர்கள் இரண்டு நூல்களைச் சொல்கிறார்கள். ஒன்று, லாரி காலின்ஸ், டொமினிக் லாப்பியர் என்னும் இரு பத்திரிகையாளர்கள் 1975இல் எழுதிய ‘நள்ளிரவில் சுதந்திரம்’. மற்றொன்று, இந்நகரிலேயே வாழும் ராமச்சந்திர குஹா 2007இல் வெளியிட்ட ‘காந்திக்குப் பிறகு இந்தியா’. இரண்டுமே தமிழிலும் கிடைக்கின்றன. ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்பவருக்கு நான் குஹாவையே பரிந்துரைப்பேன்.

விறுவிறுப்பில் முதல் நூலை விஞ்சுவது கடினம். அரசாங்க மேசை நாற்காலிகள்கூட இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்ட கதையும், 1948 ஜனவரி 20 அன்று காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தருகே குண்டு வெடித்த பிறகு, கையில் கிடைத்த தடயங்களைத் தில்லி, பம்பாய்க் காவல்துறையினர் பத்து நாட்களில் ஒன்றுசேர்க்கத் தவறிய கதையும் அதில் சொல்லப்பட்டிருக்கும் விதம், படிப்பவரை எழவிடாது. சதியில் தொடர்புடையவர்களை ஆசிரியர்களே சந்தித்துப் பேசியிருப்பதால், அந்தக் கடைசி அத்தியாயங்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் நூலின் பெரும்பகுதி, கடைசி வைசிராய் மவுண்ட்பேட்டன் அளித்த நீண்ட நேர்காணல்களின் மீது நிற்கிறது. அவர் தம்மைப் பற்றிச் சொன்னவை ஏறத்தாழ அப்படியே பதிவாகியிருக்கின்றன. ஆட்சி மாற்றம் 1948 ஜூனுக்குள் நடக்க வேண்டும் என்பதே லண்டனின் முதல் அறிவிப்பு. அதை 1947 ஆகஸ்ட் 15 என்று முன்னுக்குக் கொண்டுவந்ததற்கு, ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு அந்த நாளில் வந்ததே காரணம் என்கிறார் அவர். இந்தியாவை அதற்கு முன் பார்த்திராத பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் ஜூலை 8 அன்று வந்திறங்கி, சில வாரங்களில் இரு நாடுகளின் எல்லைக் கோட்டை வரைந்தார். அது விடுதலைக்குப் பிறகு, ஆகஸ்ட் 17 அன்றுதான் மக்களுக்குத் தெரிந்தது. இத்தனை அவசரம் எதற்கு என்று வைசிராயிடம் கடுமையாகக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் நூல் அவரை வியந்து நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தென்னிந்தியாவும், மன்னர்களின் ஆடம்பரத்தையும் நிஜாமின் கஞ்சத்தனத்தையும் தவிர்த்தால், அதில் மிகக் குறைவு.

குஹாவின் நூலோ, அந்த நள்ளிரவின் அச்சம் அடுத்த பத்தாண்டு முடிவுகளை எப்படி வடிவமைத்தது என்று காட்டுகிறது. மதத்தால் பிளந்த நாட்டை மொழியாலும் பிளப்பதா என்று தயங்கியதால்தான் நேரு மொழிவழி மாநிலங்களைத் தள்ளிப்போட்டார். தெலுங்கர்களுக்குத் தனி மாநிலம் கேட்டு 1952 அக்டோபர் 19 அன்று சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு டிசம்பர் 15 அன்று உயிர்நீத்ததும், கலவரம் மூண்டு, சில நாட்களிலேயே ஆந்திர மாநிலம் அறிவிக்கப்பட்டதும் அந்தப் பின்னணியோடு படிக்கும்போதுதான் முழுதாக விளங்குகின்றன. 1956இல் கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து மைசூர் மாநிலத்துக்குச் சென்ற கொள்ளேகாலத்தை அறிந்த நமக்கு, இவை நேரடியாகத் தொடும் பக்கங்கள்.

முதல் பொதுத்தேர்தலைப் பற்றிய அத்தியாயம் இன்னும் சிறப்பு. 17.6 கோடி வாக்காளர்களில் 85 விழுக்காட்டினர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் சின்னங்களும், வேட்பாளருக்கொரு பெட்டியும் தேவைப்பட்டன. பெட்டிகளுக்கு மட்டுமே 8,200 டன் எஃகு செலவானது. தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று பதிந்துகொண்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து நீக்கினார் என்ற செய்தியை, ஒரு முழு நூலுக்குரிய பொருளாகவே நான் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. காலவரிசையில் சீராக வந்த நடை, இறுதிப் பகுதியில் உரிமைகள், கலவரங்கள், ஆட்சியாளர்கள், செல்வம் என்று தலைப்புவாரியாகச் சிதறுகிறது. அங்கே வரலாற்றாசிரியரைவிட நாளிதழ்க் கட்டுரையாளரே அதிகம் தெரிகிறார். பொருளாதாரமும் விரைவாகக் கடக்கப்படுகிறது. சுதேச சமஸ்தானங்களின் இணைப்பை ஆழமாக அறிய விரும்புவோர் இவ்விரண்டோடும் நில்லாமல், படேலின் வலக்கையாகச் செயல்பட்ட வி.பி. மேனன் 1956இல் எழுதிய நூலுக்குப் போக வேண்டும். அதன் நடை அரசுக் கோப்பைப் போல வறண்டது, ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் அவரே அமர்ந்திருந்தார்.